பூ நெடில்

கிட்டு சி.பி.யூ.வின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, குனிந்து, உள்ளே வாயால் ஊதினான். சாம்பல் நிறத்தில் ஒரு தூசிப் பந்து கிளம்பி வந்து, ராதாமணி தட்டில் ஏந்தி நின்ற டீ டம்ளர்களின் மேல் இறங்கியது. தூசி மட்டுமில்லை. கரப்பானின் கால் ஒன்றும் ஒரு டம்ளரின் ஆடையில் ஒட்டிக்கொண்டு நின்றது.

“இம்புட்டு அழுக்க உள்ள வச்சுக்கிட்டு புது சிஸ்டம் ஓடுதுன்னா பாத்துக்கோங்க சித்தப்பா,” என்றான் கிட்டு. “பதினாலு வருஷத்து மிஷின். இதுல ஏறாதுன்னு அதுவே எழுதிக் காட்டுச்சு. நாந்தான் அந்தச் சோதனையத் தாண்டி ஏத்தி விட்டேன்.”

சீனி சித்தப்பா வெற்றிலைச் சாறு வழியாதபடி முகத்தை அண்ணாந்து பேசினார். “அண்ணனும் இதே மாடல்தாம்லே. மேலுக்கு ஒண்ணும் தெரியாது. உள்ள பூரா பழைய பார்ட்ஸு.”

சுற்றி நின்ற ஆண்கள், சாவு வீட்டுக்கு எவ்வளவு ஆகுமோ அவ்வளவு சிரித்தார்கள். ராதாமணி தட்டைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் டீ முழுவதையும் சாக்கடையில் கொட்டினாள். திரும்பி வந்து அடுத்த அறையில் ஐஸ் பெட்டியின் அருகே உட்கார்ந்தாள். உள்ளே அப்பா பூவனநாதன் படுத்திருந்தார். கண்ணாடியில் நீர் கோத்து அவருடைய மூக்கு மட்டுந்தான் தெளிவாகத் தெரிந்தது.

நேற்றுக் காலையில் அவள் காப்பி கொண்டு போனபோது அப்பா அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். மோவாய் நெஞ்சில் பதிந்திருந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரை வருவதற்குள் அவர் ஒரு தூக்கம் போட்டு எழுவது வழக்கம் என்பதால், அவள் டம்ளரை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். மறுபடி எட்டிப் பார்த்தபோது காப்பி ஆறிக் கிடந்தது. திரை வந்திருந்தது. எந்த நாட்டு ஏரியோ, அப்படி ஒரு நீலம், கரையில் ஆளில்லாத ஒரு படகு. அந்த நீலம் அப்பாவின் மூக்குக் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது.

இப்போது அதே நாற்காலியை இழுத்துப் போட்டுத்தான் தம்பி கிட்டு உட்கார்ந்திருக்கிறான். காலை ரயிலில் சென்னையிலிருந்து வந்தவன், வந்ததும் ஒரு மூச்சு அழுதான். அழுது முடித்து மூக்கைச் சிந்தியபின், கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அப்பாவின் கம்ப்யூட்டரிலேயே அடித்து அச்சகத்துக்கு அனுப்புவோம், அதுதான் அவருக்கு மரியாதை என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அப்பா தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு நகராட்சிக்கு மனு அடிப்பதே அவருக்குப் பொழுதாக இருந்தது. தண்ணீர், தெருவிளக்கு, நாய் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பொங்கலுக்கு வந்த கிட்டு புது சிஸ்டத்தை ஏற்றிவிட்டுப் போனதிலிருந்து, அவர் தமிழ் அடித்துக்கொண்டிருந்த பழைய புரோகிராம் திறக்கவேயில்லை. விரல்கள் பழகிய இடத்திலேயே அழுத்தின. திரையில் இங்கிலீஷ் எழுத்துகள் கொட்டின. கிட்டு போனில் வழி சொன்னான். இங்கிலீஷில் அடித்தால் போதும், தமிழை அதுவே எடுத்துக் கொடுக்கும். அப்பா முதலில் தன் பேரை அடித்துப் பார்த்தார். ‘புவனநாதன்’ என்று வந்தது.

“பூவ எங்கலே?” என்று போனில் கேட்டார். “அது நெடில். நம்மூர்ச் சாமி பேருலே. பூ வனத்துக்கு நாதன். புவனத்துக்கெல்லாம் இல்ல. அம்புட்டுப் பெரிய எடத்த வச்சு எவன் கட்டி மேய்க்க?”

ரேஷன் கார்டிலும் பேங்க் புத்தகத்திலும் யாராவது அந்தக் கொடுமையைச் செய்தால், திருத்தி வாங்காமல் அவர் படியிறங்கியதில்லை. இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியோடு மட்டும் அவர் சண்டை போடவில்லை. மனு அடிப்பதையே விட்டுவிட்டார். சீட்டாட்டம் ஆடினார். ஆட்டத்தின் நடுவே விளம்பரம் வந்தால், அது முடியும்வரை முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கிட்டு அறையிலிருந்து அவசரமாக வந்தான். ஐஸ் பெட்டியின் ஒயரைப் பிடித்துக்கொண்டு சுவர்வரை நடந்தான்.

“அப்டேட் ஓடுது. இப்ப அணைஞ்சா மொத்தமும் போயிரும். ரெண்டும் ஒரே லைன்ல கெடக்கு, லைட்டே மங்குது பாரு. யக்கா, ஒரு அஞ்சு நிமிசம் இதக் கழத்தி வச்சுக்கிடுவோமா?”

பக்கத்து வீட்டு அழகுத்தாய் ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினாள்.

“எதக் கழத்த?” என்றாள் ராதாமணி.

“அஞ்சு நிமிசந்தான். அப்பாவுக்கு ஒண்ணும் ஆயிராது.”

ராதாமணி எழுந்து போய்ப் பிளக்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். கிட்டு அவள் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், “சரி, விடு” என்று போய்விட்டான்.

அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர நீர்மாலைக்குப் போனவர்கள் திரும்பி வந்த நேரத்தில் போஸ்டர் தயாராகிவிட்டது. கிட்டு அதைத் தன் செல்போனில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டே வந்தான். மேலே அப்பாவின் படம். சுற்றிலும் எங்கிருந்தோ எடுத்த ரோஜாப்பூக்கள். நடுவில் கொட்டை எழுத்தில், ‘திரு. புவனநாதன்’.

“ஏலே, பூ நெடில்,” என்றாள் ராதாமணி.

“எங்கன?”

“அப்பா பேர்ல.”

உற்றுப் பார்த்தான். “ஆமா. நான் இங்கிலீஷ்ல அடிச்சேன், அதுவா எடுத்துக் குடுத்துச்சு. அச்சகத்து அண்ணாச்சிகூட போன்ல கேட்டாரு, இது சரிதானான்னு. கம்ப்யூட்டர்ல எப்படி வந்திருக்கோ அப்படியே அடிங்கன்னுட்டேன்.”

“மாத்திக் குடு.”

“மறுபடி ரீஸ்டார்ட் ஆகுதுக்கா. அது தொறக்க ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள தூக்கிருவாங்க. ஒரு எழுத்துத்தானே. செத்தது யாருன்னு ஊருக்கே தெரியும்.”

அறைக்குள் கறுத்த திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. சித்தப்பா அதைப் பார்த்தபடி இட்லி தின்றுகொண்டிருந்தார். விரலில் வழிந்த சாம்பாரை மௌஸின் மேல் கிடந்த துணியில் துடைத்தார். அது அப்பாவின் துண்டு.

ராதாமணி தானே அச்சகத்துக்குப் போன் போட்டாள். ஷேக் தாவூது நீளமாக மூச்சு விட்டார். “எனக்கும் உறுத்துச்சும்மா. அந்த எழுத்துக்காக எங்கிட்ட எத்தன தடவ சண்ட போட்டிருக்காவ. பெத்த புள்ளயே சொல்லும்போது நான் என்ன செய்ய. பயலுவ பசை வாளியோட போயாச்சு. வேற வேணா அடிச்சுத் தாரேன், மேல ஒட்டிக்கிடலாம். ஆளு அனுப்புதீங்களா?”

அவள் முற்றத்தைப் பார்த்து, புதுப் போஸ்டர் வாங்கி வர ஓர் ஆள் கேட்டாள்.

“எடுக்க நேரமாச்சு,” என்றார் சித்தப்பா. “எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிட்டு நிக்க இது என்ன பள்ளிக்கூடமா?”

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. போன் இன்னும் அவள் காதில் இருந்தது. “இல்ல அண்ணாச்சி,” என்று சொல்லி வைத்தாள்.

வெயில் சாயுமுன் எடுத்தார்கள். பெண்கள் தெருமுனைவரை போனார்கள். அங்கே பாடையைத் திருப்பி வைத்துத் தூக்கினார்கள். கொட்டுச் சத்தம் முன்னே போக, கிட்டு தீச்சட்டியோடு பின்பக்கம் பார்க்காமல் நடந்தான். பெண்கள் விழுந்து கும்பிட்டார்கள். எழுந்து, தலைமுழுகுவதற்காக ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

முனைக் கடையின் சுவரில் இரண்டு போஸ்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. பசை இன்னும் காயாமல் விளிம்பில் வெள்ளையாக வடிந்துகொண்டிருந்தது. ராதாமணி அதன் முன்னால் நின்றாள். புவனநாதன். யாரோ ஒரு பெரிய மனிதரின் பேர் போலிருந்தது.

காலி மனைக்குள்ளிருந்து ஒரு பசு வந்தது. விலா எலும்பு தெரிந்த பசு. சுவரை மோந்து பார்த்து, பசையை நக்கியது. பிறகு தாளின் அடிப்பக்கத்தைப் பல்லில் பிடித்து இழுத்தது. குடும்பத்தார் பேர்கள் இருந்த பகுதி கிழிந்து அதன் வாய்க்குள் போனது. தாளோடு எச்சில் கோழையாகத் தொங்கியது.

“ஏய், போ அங்கிட்டு,” என்று அழகுத்தாய் கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். “ஏட்டி ராதா, பாத்துக்கிட்டு நிக்க? அப்பாவத் திங்குது.”

“விடுங்க மதினி.”

“என்னட்டி சொல்லுத?”

ராதாமணி இரண்டாவது போஸ்டரின் மூலையில் நகத்தைக் கொடுத்தாள். பசை ஈரமாக இருந்ததால் தாள் எளிதாக உரிந்து வந்தது. பேர் இருந்த இடம்வரை உரித்து, பசுவின் வாய்க்கு எட்டும்படி தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள்.