வடக்கு: பூஜ்யம்

எங்கள் அலுவலகத்தில் ஊரின் பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுகிறோம். நான்கு திசைக்கு நான்கு ஃபோல்டர், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். எதில் எத்தனை ஏறியிருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் நிரலை எழுதியவன் நான். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் நிரலை ஓட்டினேன். கிழக்கு, மேற்கு, தெற்கு எல்லாம் சரி. வடக்கு: பூஜ்யம். வடக்கு, ஸ்கேனர் அக்காவின் பொறுப்பு.

"எல்லாத்தையும் போட்டுட்டேன் தம்பி. ஃபோல்டரைத் திறந்து ஒரு தடவை பாருங்களேன்."

"ப்ரோக்ராம்தான் எண்ணுதேக்கா. மத்த மூணு பேரோடது வருது, உங்களோடது மட்டும் ஏன் வரல?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிங்க. இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றார். ஃபோல்டரைத் திறப்பது இரண்டு கிளிக் வேலை. நான் திறக்கவில்லை. என் நிரலையே நான் சந்தேகப்படுவதா?

அக்கா நானூற்றாறு தாள்களையும் மறுபடி ஸ்கேன் செய்தார். கனத்த மூடியைத் தூக்கித் தூக்கி இறக்கியதில் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. புதன்கிழமை அதில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். நானோ போகிற போக்கில், "ஆச்சாக்கா?" என்று விசாரித்தேன்.

வியாழன் மதியம் மீண்டும் ஓட்டினேன். வடக்கு: பூஜ்யம்.

அப்போதுதான் என் நிரலின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. எந்த முகவரியில் தேடுகிறது என்று நிரலையே காட்டச் சொன்னேன். ஒரே வரியில் வரவேண்டியது இரண்டாக உடைந்து நின்றது. முதல் வரியில் D:\maps. அடுத்த வரியில் orth. ஃபோல்டரின் பெயர் north. அதற்கு முன்னால் நான் போட்ட சாய்கோடும் அந்த n எழுத்தும் சேர்ந்தால், 'அடுத்த வரிக்குப் போ' என்று கணினிக்குப் பொருள். படிக்கச் சேர்ந்த முதல் வாரமே சொல்லித்தருகிற பாடம். south, east, west மூன்றுக்கும் இந்த வம்பு இல்லை. அதனால் நான் தப்பித்தேன், அக்கா மாட்டிக்கொண்டார்.

இன்னொரு சாய்கோட்டைச் சேர்த்து ஓட்டினேன். வடக்கு: 812. ஒவ்வொரு தாளும் இரண்டு முறை. முதல் நானூற்றாறும் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே ஏறியிருந்தன.

வெட்கத்தில் காது சுட்டது. 'சிஸ்டத்துல ஏதோ கோளாறு' என்று மழுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதற்குள் அக்காவே வந்துவிட்டார். "இன்னும் வரலையா தம்பி? நான்தான் எங்கயோ தப்பா சேவ் பண்றேன் போல. மூணாவது தடவையும் போட்டுடவா?"

"வேணாம்க்கா. தப்பு என்னோடது. உங்களோடது மொதல்லயே இருந்துச்சு."

"மொத தடவையேவா?"

"ஆமாக்கா. மன்னிச்சிடுங்க."

மணிக்கட்டைத் தடவியபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? அன்னிக்கு எல்லார் முன்னாடியும்தானே கேட்டீங்க?"

மறுநாள் காலை எல்லாரையும் அதே அறைக்கு அழைத்து, அந்த உடைந்த முகவரியைச் சுவரில் பெரிதாகக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அக்கா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வருகைப் பதிவேட்டில் இடது கையால் மெதுவாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.