வெள்ளிக்கிழமை எண்ணெய்

என் வீட்டுக்காரர் வேதாசலம் அந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்த அன்று, உத்திரமேரூரில் பாதி சனம் எங்கள் வாசலில்தான் நின்றது. மெட்ராசில் ஏதோ ஒரு கம்பெனி மேனேஜர் பின்சீட்டில் சாய்ந்தபடி ஆபீசுக்குப் போய்வந்த வெளிநாட்டு வண்டி. கருநீலம். உள்ளே மெத்தை சீட்டு. கதவைச் சாத்தினால் சத்தமே வராது. அது பத்து வருஷம் ஓடித் தேய்ந்த வண்டி என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை, பொய் சொல்வானேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்து ஏரிக்கரை வரை போய்வந்தேன்.

மறுநாள் காலையில் அது கிளம்பவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்த அதிர்ச்சி அந்த வருஷம் முழுக்க ஓயவில்லை. செல்ப் எடுக்காது, இரண்டு பேர் தள்ள வேண்டும். ரேடியேட்டர் ஒழுகும், எங்கே போனாலும் டிக்கியில் ஒரு குடம் தண்ணீர் கூடவே வரும். பின்பக்கக் கண்ணாடியை இறக்கினால் ஏறாது, மழை வந்தால் என் முந்தானைதான் கண்ணாடி. ஒரு முழ ரப்பர் குழாய் போனதற்கு இவர் மெட்ராஸ் புதுப்பேட்டையில் கடை கடையாக அலைந்துவிட்டு வந்தார். என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். "ரப்பர் கொயா வாங்கினீங்களா, கொல்லையில போர் போட்டீங்களா?" என்றேன். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். எங்கள் வீட்டில் சுண்டைக்காய் கருநீல நிறத்தில் வாசலில் நின்றது.

இவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஏசுதாஸ்தான் ஓட்டினான். எங்கள் நிலத்தில் தலைமுறையாக அண்டை வெட்டி நாற்று நட்ட குடும்பத்துப் பிள்ளை. மெட்ராசுக்கு ஓடிப்போய் லாரியில் கிளீனராகி, லைசென்ஸ் வாங்கி, நல்ல சம்பளத்தில் இருந்தவன். காருக்கு டிரைவர் வேண்டும் என்று இவரேதான் ஆள் விட்டு வரவழைத்தார். அவனும் பெண்டாட்டி மார்த்தாளோடு காலனியில் சொந்தக் குடிசையில் இருக்கலாமே என்று வந்து சேர்ந்தான். சேரிக்காரப் பையன் காக்கிச் சட்டை போட்டுக் கார் ஓட்டுவதைத் தெருவில் சிலருக்குப் பொறுக்கவில்லை. இவருக்கு மட்டும் அதில் ஒரு பெருமை, யானை வைத்திருக்கிறவனுக்குப் பாகன் மேல் இருக்கிற பெருமை.

ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் ஏசுதாஸ் வண்டியைத் தொடக்கூடாது. அன்றைக்கு வண்டிக்குப் பூசை. இவர் குளித்து, ஈர வேட்டியோடு வண்டியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சுற்றி, கற்பூரம் காட்டுவார். பிறகு முன்மூடியைத் தூக்குவார். கிணற்று மேட்டில் இருக்கிற ஆயில் எஞ்சினை இருபது வருஷமாகக் காப்பாற்றியவர் அவர். எண்ணெய் காய்ந்தால் எந்திரம் செத்துப்போகும் என்பது அவருக்கு வேதவாக்கு. அந்த எஞ்சினுக்கு வாங்கிய ஆயில் டின்னை எடுத்துவந்து, எந்த மூடியைத் திறந்தால் எண்ணெய் இறங்கித் தெரிகிறதோ அதில் நிரப்புவார். அதுவும் பூசையில் சேர்த்திதான். எல்லாம் முடிகிற வரை ஏசுதாஸ் தெருமுனை வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். அவன் கை படக்கூடாதாம். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தது யார் கை என்று நான் கேட்டேன். "ஒனக்கு இன்னா தெரியும், உள்ள போ" என்றார்.

பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போன வருஷம் அது. விலை ஏறினால் மெதுவாகக் குடிக்கலாம் இல்லையா, இந்த வண்டிக்கு அப்போதுதான் தாகம் அதிகமானது. வாங்கின புதிதில் டாங்க் நிரப்பினால் காஞ்சிபுரத்துக்கு நாலைந்து முறை போய்வரும். பொங்கல் கழிந்து பார்த்தால் இரண்டாவது முறைக்கே முள் கீழே விழுந்தது. இன்னொரு கூத்து, முன்பு இரண்டு பேர் தள்ளினால் நகர்ந்த வண்டி இப்போது நாலு பேர் தள்ளினாலும் நகராமல் மாடு மாதிரி அடம்பிடித்தது. ஏசுதாஸ் இரண்டு முறை சொன்னான்.

"ஐயா, வண்டி இன்னாமோ இயுக்குது. சக்கரம் கொதிக்குது. ஒரு தபா காஞ்சிபுரம் மெக்கானிக்குகிட்ட காட்டிடலாம் ஐயா."

"காட்டலாம், காட்டலாம். அவனுக்கு ஒரு செலவு வேற" என்று இவர் தள்ளிப்போட்டார். பக்கத்து வீட்டு ஏகாம்பரம் அப்படித் தள்ளிப்போடவில்லை. ஒரு நாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, வெற்றிலையை மடித்தபடியே விஷத்தை வைத்துவிட்டுப் போனார்.

"வண்டி குடிக்கலப்பா, ஆளு குடிக்கிறான். மார்த்தா புதுச் சீல கட்டிக்கினு போறாளே, பாத்தியா நீ?"

மறுநாளிலிருந்து இவர் ஒரு மூங்கில் குச்சியை டாங்கிற்குள் விட்டு அளக்க ஆரம்பித்தார். அளந்தால் என்ன தெரியும்? குறைகிறது என்றுதான் தெரியும். ஒரு வாரத்தில் முடிவு கட்டிவிட்டார். வாசலில் நாலு பேர் பார்க்க ஏசுதாசை நிற்கவைத்துக் கேட்டார்.

"பெட்ரோல எங்கடா விக்கிற? திருப்புலிவனத்துலயா?"

ஏசுதாஸ் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன்.

"நானா ஐயா? என்னியா கேக்கறீங்க?"

"வர்ற வெள்ளிக்கெயம மாரியம்மன் கோயிலாண்ட வா. கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணு. பண்ணிட்டன்னா வுட்டுடறேன்."

எங்கள் பக்கத்தில் திருட்டுப் பழி விழுந்தால் அதுதான் வழக்கம். அம்மன் எதிரில் கற்பூரம் ஏற்றுவார்கள். பழி விழுந்தவன் உள்ளங்கையால் அதை அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். பொய்யாக அணைத்தால் குடும்பம் விளங்காது. அணைக்காமல் போனாலோ அவன்தான் திருடன். அப்புறம் சுற்றுவட்டாரத்தில் ஒருவனும் அவன் கையில் வண்டிச் சாவியைத் தரமாட்டான்.

"நாங்க கோயில்ல கற்பூரம் அணைக்கறதில்ல ஐயா. பைபிள் மேல கை வெச்சி சொல்றேன். எங்க கொயந்த தலமேல வெச்சி சொல்றேன்."

"ஒங்க பொஸ்தகம்லாம் எனுக்கு வாணாம். எங்க அம்மன் எதுருல அணை."

அவன் என்னைப் பார்த்தான். "இன்னாங்க இது அநியாயம்" என்று நான் வாய் திறப்பதற்குள் இவர் துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அணைத்தால் அவன் சாமிக்குத் துரோகம், அணைக்காவிட்டால் பேர் போச்சு. பெற்ற பிள்ளை மாதிரி என்று நாலு பேரிடம் இவரே சொல்லிக்கொண்டிருந்த பையனை இப்படி ஒரு இடுக்கில் நிறுத்த இவருக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.

அந்த வெள்ளிக்கு முந்தின நாள் நானும் இவரும் காஞ்சிபுரத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஏசுதாஸ்தான் ஓட்டினான். திருப்புலிவனம் தாண்டினதும் ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. திரும்பிப் பார்த்தால் பின்சக்கரத்திலிருந்து புகை சுருள் சுருளாகக் கிளம்புகிறது. ஏசுதாஸ் வண்டியை ஓரமாக நிறுத்தி, என்னைக் கையைப் பிடிக்காத குறையாக இறக்கி, டிக்கியிலிருந்த குடத்துத் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினான். சொய்யென்று ஆவி எழும்பியது. பெட்ரோல் டாங்க் அதே பக்கம்தான்.

பஸ்ஸில் போனவரிடம் சொல்லியனுப்பி, மெக்கானிக் ராஜாராம் பையோடு வந்து சேர மத்தியானமாகிவிட்டது. புளியமரத்தடியில் வழிப்போக்கர் கூட்டம் வேறு. ராஜாராம் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார், அசையவில்லை. முன்மூடியைத் தூக்கினார். ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் கிண்ணத்தின் மூடியைத் திருகி, விரலை விட்டுத் தேய்த்து மோந்தார். எதையோ கழற்றி உள்ளிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்தார். தண்ணீரில் ஊறின வடை மாதிரி அது உப்பிக் கிடந்தது.

"இதுல யாருங்க எஞ்சின் ஆயில் ஊத்தனது?" என்றார். "இது பிரேக்குக்கு உண்டானது, இதுக்கு வேற ஆயிலு. இத்த ஊத்தனா ரப்பரு ஊதிப்போயி, காலு எடுத்தாலும் பிரேக்கு வுடாது. புடிச்சிக்கினே கீது. எஞ்சினு இயுக்குது, பிரேக்கு புடிக்குது. ஊருல இருக்கற பெட்ரோலெல்லாம் ஊத்தனாலும் பத்தாது. பத்திக்காம உட்டுதே, உங்க நல்ல நேரம்."

எனக்கு ஈர வேட்டியும், ஆயில் டின்னும், சந்தனப் பொட்டும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. இவரைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்துவிட்டது. கழுத்து வேர்த்து வழிந்தது. இப்போது சொல்வார், இதோ சொல்லப்போகிறார் என்று நான் காத்திருக்க, அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்.

"வண்டிய பாத்துக்கறது டிரைவருதான். அவனத்தான் கேக்கணும்."

இடி விழுந்திருந்தால்கூட அப்படி நின்றிருக்கமாட்டேன். பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தின மனிதர்தானா இவர்? கோபக்காரர் தெரியும், கஞ்சர் தெரியும். இதுமட்டும் எனக்குத் தெரியாது.

"அந்த மூடிய நான் தொறந்ததே இல்ல ஐயா" என்றான் ஏசுதாஸ்.

"வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ போயி வண்டில உக்காரு" என்று இவர் அதட்டினார். நாலு சக்கரத்தில் இரண்டு கழன்று கிடந்தது, எங்கே போய் உட்கார்வது? ஆனால் ஏசுதாசுக்கு அந்த அரை வார்த்தை போதுமானதாக இருந்தது. அவன் என்னை ஒருமுறை, இவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்ததும் நான் விடவில்லை. "ஊத்தனது நீங்க. வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?" என்றேன்.

"ஊரு சிரிக்கும். லட்ச ரூவா வண்டிக்கு எண்ணெ ஊத்தத் தெரியாதவன்னு ஏகாம்பரம் சொல்லி சொல்லி சிரிப்பான். நாளைக்கு கோயில்ல அவன மன்னிச்சிட்டேன்னு சொல்லிடறேன். சத்தியம்லாம் வாணாம்னுடறேன். முடிஞ்சிது."

"மன்னிக்கிறீங்களா? நீங்க? அவன?"

அவர் உண்மையாகவே பெரிய மனசு பண்ணுகிற முகத்தோடு என்னைப் பார்த்தார். குதிரை கீழே தள்ளினது மட்டுமல்லாமல் குழியும் பறித்ததாம். நான் அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் கூட்டம் நின்றது. வேடிக்கை என்றால் ஊருக்கு வேலை ஏது? கல்லின் மேல் கற்பூரம் தயாராக இருந்தது. இவர் வெள்ளை வேட்டியோடு முன்னால் வந்தார்.

"பையன் தெரியாம பண்ணிட்டான். வயித்துக்கு இல்லாதவன். நான் மன்னிச்சிட்டேன். சத்தியம்லாம் வாணாம், எல்லாரும் கலைஞ்சி போங்க. ஏசு, நாளைக்கு வண்டி எடுக்க வந்துடு."

கூட்டம் அவரைப் புகழ்ந்து முணுமுணுத்தது. ஏசுதாஸ் கோயிலுக்கு வெளியே, காலனிக்காரர்கள் நிற்கிற இடத்தில் நின்றிருந்தான். காக்கிச் சட்டை போடவில்லை. மார்த்தாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கட்டியிருந்தது புதுச் சேலைதான். போன கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலை.

"கற்பூரத்த ஏத்துங்க ஐயா" என்றான் ஏசுதாஸ்.

"நீதான் அணைக்கமாட்டேன்னியே."

"நான் அணைக்க வரல. யாரு அணைக்கறாங்கன்னு பாக்க வந்தேன்."

பூசாரிக்கு ஒன்றும் புரியவில்லை, பழக்கத்தில் ஏற்றிவிட்டார். கற்பூரம் எரிந்தது. இவர் அதைப் பார்க்கவில்லை, தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று நான் அம்மனை வேண்டினேன். கற்பூரம் பாதியாகிவிட்டது.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

"வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம அந்த வண்டிக்கு எண்ணெ ஊத்தனது எங்க வூட்டுக்காரரு. அதனாலதான் அது பெட்ரோல குடிச்சிது. ஏசுதாஸ் ஒரு சொட்டு எடுக்கல. இது பொய்யின்னா என் குடும்பம் வெளங்காம போவட்டும்."

கை சுட்டது எனக்கு அப்போது தெரியவில்லை. இவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வைதான் தெரிந்தது. பேயறைந்தவர் அப்படித்தான் பார்ப்பார் போல. பெண்டாட்டி ஊர் நடுவில் தனக்கு எதிராகச் சத்தியம் பண்ணுவாள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். நானும்தான் நினைக்கவில்லை.

ஏசுதாஸ் வண்டிச் சாவியை வெளிப்படிக்கட்டில் வைத்தான். என்னைப் பார்த்துக் கும்பிட்டான். மன்னிப்புக் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. மார்த்தாள் கீழே வைத்திருந்த தகரப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். அப்போதுதான் அதை நான் பார்த்தேன். அணைத்தாலும் அணைக்காவிட்டாலும் போய்விடுவது என்று புறப்பட்டுத்தான் வந்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனார்கள்.

அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு போய் ராஜாராம் புது ரப்பர் போட்டு வண்டியைக் கொண்டுவந்து விட்டார். இப்போது ஒருவர் தள்ளினாலே நகர்கிறது. டிரைவர் வேண்டும் என்று இவர் தாமல் வரை ஆள் விட்டுப் பார்த்தார், திருமுக்கூடலுக்கும் சொல்லியனுப்பினார். லைசென்ஸ் வைத்திருக்கிற பிள்ளைகள் விவரம் கேட்டுக்கொள்கிறார்கள். ஒருவரும் வரவில்லை. வண்டி வாசலில் நிற்கிறது, டாங்க் நிறைய பெட்ரோலோடு. இவர் தினமும் மூங்கில் குச்சியை விட்டுப் பார்க்கிறார். ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.