நல்ல பேட்டரி

ஸ்டெபானிக்குக் கோபம் வந்தால் அது லயம் முழுக்கத் தெரிந்துவிடும். தோட்டத் தொழிலாளர்கள் ஒரே நீளக் கூரைக்குக் கீழ் காம்பரா காம்பராவாகக் குடியிருக்கும் வரிசை அது; நடுச்சுவர் எதுவும் கூரைவரை எழும்பியதில்லை. ஒரு காம்பராவில் இருமினால் கடைசிக் காம்பராவில் கேட்கும். அப்படியிருக்க, புருஷன் ஜெறோமை அவள் ஒரு வாரமாக வறுத்தெடுத்தது யார் காதில் விழாமல் போகும்?

எல்லாம் ஒரு பலகையால் வந்த வினை. ஜெறோமுக்குக் கித்துல்கலையில், படகுச் சவாரி நடத்தும் இடத்தில் வேலை. அங்கே வந்து தங்கிய வெள்ளைக்காரன் ஒருவன், மோட்டார் வைத்த ஸ்கேட்போர்ட் ஒன்றை, பேட்டரி செத்துவிட்டது என்று அவனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு நடந்து இறங்கி, திரும்ப ஏறி வருவதற்குள் கால் கழன்றுவிடும். இப்போதுதான் கொங்கிரீட் ரோடு வேறு போட்டிருக்கிறார்கள். பேட்டரி மட்டும் போட்டால் நின்றபடியே போய் நின்றபடியே வரலாம் என்று ஜெறோம் கனவு கண்டான். கனவு காணட்டும், யார் வேண்டாமென்றது? பழைய லெப்டொப் செல்களைப் பொறுக்கி ஒட்டிய பேட்டரி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்றானே, அதைத்தான் ஸ்டெபானியால் பொறுக்க முடியவில்லை.

"ஒங்களுக்குப் பைத்தியமே புடிச்சிருச்சா? கீழ் டிவிசன்ல ஒரு காம்பராவுல புடிச்ச நெருப்பு முழு லயத்தையும் தின்னுச்சே, மறந்துட்டீங்களா? ஒரே கூரைங்க இது! நம்ம புள்ள மட்டுமா இங்க தூங்குது?"

"மெதுவா பேசு ஸ்டெபா."

"மெதுவா என்னத்துக்கு? எல்லாருக்கும் கேக்கட்டும்! எரிஞ்சா எல்லாருக்குந்தானே எரியும்!"

அடுத்த காம்பராவிலிருந்து புஷ்பம் சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தாள். "அப்படிக் கேளு புள்ள!"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் யட்டியாந்தோட்டை டவுனுக்கு ஸ்டெபானியே அவனை இழுத்துக்கொண்டு போனாள். நுஹ்மான் நானாவின் பேட்டரிக் கடையில் ஏறியதும் சொல்லிவிட்டாள். "நானா, நீங்க தாற பேட்டரிக்குள்ள பழைய செல் இருந்துச்சுன்னா ஒங்க கடை வாசல்லயே ஒக்காந்து கத்துவேன்."

நானா சிரிக்கவில்லை. இரண்டு பேட்டரிகளை எடுத்து அவள் கைகளில் வைத்தார். ஒன்று பளபளவென்று நீல உறை போட்டிருந்தது. அதன் சக்தியைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். தூக்கினால் கனமே இல்லை. மற்றது பார்க்கச் சுமாராக இருந்தது, ஆனால் கை தாழ்ந்தது.

"மேல எழுதியிருக்கிற அளவு சக்தி இந்த லேசான சாமானுக்குள்ள வராது தங்கச்சி. எழுத்துதான் பெருசு. மத்ததப் பாருங்க. செல் எல்லாம் ஒரே கம்பனி, புதுசு. நெறஞ்சதும் சார்ஜ வெட்டுற சர்க்கிட் உள்ளுக்கே இருக்கு. சார்ஜரும் இதுக்குன்னே வந்தது. கேரண்டி எழுதித் தாறேன்."

அந்தச் சர்க்கிட்டைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அவள் தலையாட்டினாள். நானா இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் ஜெறோம் பக்கம் திரும்பிவிட்டாள். "பாத்தீங்களா? நீங்க வாங்கப் பாத்தது இந்த நீலக் குப்பையத்தானே!" கடையில் இருந்தவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். ஜெறோம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கனமான பேட்டரி போட்ட பலகை மேடேறி வந்தபோது லயமே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. ஸ்டெபானிக்கும் உள்ளூரப் பெருமைதான்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் சாயந்திரம் ஜெறோம் பலகையோடு தொப்பலாக நனைந்து வந்தான். மறுநாள் விடிந்ததும் பலகையை மூலையில் சாத்திவிட்டு பஸ்ஸுக்கு நடந்தான். மழை நாளில் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. பால்வெட்டுக்குப் போகும் ஸ்டெபானி அன்று வீட்டில்தான் இருந்தாள். பேட்டரியைக் கழற்றிச் சாய்த்தபோது தண்ணீர் சொட்டியது. இவ்வளவு பார்த்து வாங்கியது பாழாய்ப் போகலாமா?

அந்தப் பக்கத்தில் மழைக்காலம் வந்தால் நனைந்தது எதுவானாலும் அடுப்புக்கு மேலேதான் ஏறும். விறகு, சப்பாத்து, பிள்ளையின் புத்தகப்பை எல்லாம் அங்கே கம்பியில் தொங்கும் தட்டில்தான் காயும். அவளும் பேட்டரியைத் துடைத்து அங்கே வைத்துவிட்டு, நன்றாகக் காயட்டும் என்று இன்னும் இரண்டு விறகைத் தள்ளினாள்.

துணி மடித்துக்கொண்டிருந்தபோது நகப்பூச்சு மாதிரி ஒரு வாடை வந்தது. நிமிர்ந்து பார்த்தால் பேட்டரி வயிறு ஊதிக் கிடக்கிறது. ஸ்டெபானி ஈரச் சாக்கால் அதை அள்ளி, வாசலைத் தாண்டி வீசினாள். "புள்ளைகளத் தூக்கிட்டு வெளிய ஓடுங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் லயமே மழையில் வந்து நின்றது. அவர்கள் கண்முன்னே அது சீறிக் கொளுத்திக்கொண்டு எரிந்தது. கொட்டுகிற மழைக்கும் அணையவில்லை.

ஜெறோம் மேடேறி வரும்போது கருகிய நாற்றம் இன்னும் போகவில்லை. புஷ்பம் பிடித்துக்கொண்டாள். "கண்ட குப்பையையும் வாங்கிட்டு வந்து எங்கள எரிக்கப் பாத்தியே! ஒம் பொண்டாட்டி தலப்பாடா அடிச்சிக்கிட்டாளே, கேட்டியா?" ஆளாளுக்கு ஏசினார்கள். ஜெறோமின் முகம் இருண்டுவிட்டது. "நானா ஏமாத்திட்டாரா? இப்பவே போய் கேக்குறேன்" என்று வந்த வழியே திரும்பினான்.

அடுப்புக்கு மேலே வைத்ததை யாரும் பார்க்கவில்லை. ஸ்டெபானி வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததே அவளுக்கு ஆத்திரத்தை மூட்டியது.

"நில்லுங்க! அவர யாரும் ஏசாதீங்க! அது நல்ல பேட்டரி. நனஞ்சிருச்சேன்னு அடுப்புக்கு மேல காய வச்சது நாந்தான்! நாந்தான் வச்சேன்!"

ஜெறோம் திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"மெதுவா பேசு ஸ்டெபா."

"மெதுவா என்னத்துக்கு?" அவளுக்கு அழுகையில் குரல் உடைந்தது. "எல்லாருக்கும் கேக்கட்டும்."