கீழ்வரிசையில் இரண்டு

என் பற்களைப் பற்றி என்னைத் தவிர எல்லோருக்கும் எல்லாம் தெரியும். தையல் ஃபேக்டரியில் பக்கத்து மேசைக்காரி, "பிடுங்கித் தொலைச்சிட்டு நிம்மதியா இரு" என்றாள். சூப்பர்வைசர் அதையே சொன்னார். நாத்தனார் போனில் அதையே சொன்னாள். என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவர் வருஷக்கணக்காக அந்த ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறார்.

வலி வலது கன்னத்தில். காதோரம் தொடங்கி மூக்கோரம் வரை கரண்ட் அடித்த மாதிரி ஓர் இழுப்பு. காற்று பட்டால் வரும், முகம் கழுவினால் வரும், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் வரும். ஃபேக்டரியில் ஆள் உயர ஃபேன்கள் ஓடும். அதனால் ஒரு துணியைக் கன்னத்தோடு இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் சட்டைக் காலர்களில் பிசிறு பார்ப்பேன். அங்கே எனக்குப் பட்டப்பெயர் கொள்ளைக்காரி.

ஆரம்பத்தில் ஒரு பல் டாக்டர் வலதுபக்கக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார். வலி அசையவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார். அதற்கும் அசையவில்லை. பிறகுதான் நரம்பு டாக்டரிடம் போய், இது நரம்பு செய்கிற வேலை என்று தெரிந்துகொண்டோம். அவர் கொடுத்த மாத்திரையில் வலி பாதியாகக் குறைந்தது, வாயில் எச்சில் முழுசாக வற்றியது. எச்சில் என்று ஒன்று இருந்ததே அது போன பிறகுதான் தெரிகிறது. பிஸ்கட்டைக் கடித்தால் மணல் மாதிரி வாயிலேயே நிற்கும். நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பிரஷ் பட்டால் வலி வரும் என்று பயந்து பாதி வாயைத்தான் விளக்குவேன். எச்சிலும் இல்லை, விளக்குவதும் இல்லை என்றால் பல் என்ன செய்யும்? ஒவ்வொன்றாக வேரோரம் கறுத்து, பொடிந்து போயின.

பல்லால் வலி வரவில்லை, வலியால்தான் பல் போனது. இதை வீட்டுக்காரரிடம் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எப்படியோ, பல்லு போனா வலி போயிடும்ல" என்றார்.

அவர் மோட்டாருக்குக் காயில் சுற்றுபவர். கருகிய மோட்டார் வந்தால் உள்ளே இருக்கிற செம்புக் கம்பியை ஓர் இழை விடாமல் உருவி எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவார். மிச்சம் வைத்தால் திரும்பக் கருகும் என்பார். நல்ல வேலைக்காரர், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உலகத்தில் எல்லாவற்றையுமே மோட்டாராகத்தான் பார்ப்பார்.

கடைசியில் சொத்தைப் பற்களை ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவது என்றாயிற்று. செய்யப்போகிற டாக்டரம்மா என்னைவிடச் சின்னவள். எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டி வெகுநேரம் பார்த்தாள்.

"மேல எதையும் காப்பாத்த முடியாது. கீழேயும் அப்படித்தான். ஆனா முன்பக்கம் இந்த ரெண்டு கோரைப்பல்லுக்கும் வேர் கெட்டியா இருக்கு. இதை மட்டும் விட்டுடறேன்."

"ரெண்டை வச்சிக்கிட்டு என்ன டாக்டர் பண்றது?" என்றார் வீட்டுக்காரர்.

"பல்செட் நிக்கவே எச்சில் வேணும் சார். இவங்களுக்கு அது இல்ல. வெறும் ஈறு மேல வச்சா ஆடிக்கிட்டே இருக்கும், தேய்ச்சுப் புண்ணாக்கும். அந்தப் புண்ணு முக வலியையும் கிளப்பிவிடும். இந்த ரெண்டும் இருந்தா அதைப் பிடிச்சிக்கிட்டு நிக்கும்."

"அப்போ முக வலி?"

"அது நரம்பு. இப்போ எடுக்கப்போறது சொத்தைக்காக மட்டும்தான். வலி போகும்னு நெனச்சிக்காதீங்க."

அவர் நன்றாகத் தலையாட்டினார். காதில் வாங்காத விஷயத்துக்குத்தான் அவர் அவ்வளவு நன்றாகத் தலையாட்டுவார்.

எனக்கு அந்த இரண்டும் போதும் என்றிருந்தது. பல்செட் நின்றால் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து பேசலாம், எதையாவது மென்று சாப்பிடலாம். ஈரப் பஞ்சால் அந்த இரண்டையும் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத் துடைத்து வந்தேன். எனக்கு ஒத்தாசைக்கென்று வந்து தங்கிய நாத்தனார் சிரித்தாள்.

"என்ன அண்ணி, முயல் மாதிரி ஆயிடுவீங்க."

"முயலுக்கு மேலயும் இருக்கும்டி" என்றேன்.

என் முகத்தைத் தொட முடியாது என்பதால் முழு மயக்கம் கொடுத்துச் செய்வதாக ஏற்பாடு. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது வீட்டுக்காரர் கையைப் பிடித்து, "கீழ ரெண்டு. மறந்துடாதீங்க" என்றேன்.

"டாக்டரம்மாவுக்குத் தெரியாதா? நீ பேசாம போ."

கண் விழித்தபோது வாய் முழுக்கப் பஞ்சு. நர்ஸ் வந்து எடுத்த பிறகு நாக்கை மெல்ல நகர்த்தித் தேடினேன். இடதுபக்கம் தையல் முடிச்சு. வலதுபக்கமும் தையல் முடிச்சு. மறுபடி தேடினேன். வீட்டுக்காரரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினேன்.

"அதுவும் ஆடிச்சாம். எடுத்துட்டாங்க" என்றார், போர்வையைச் சரி செய்துகொண்டே.

என் தலையெழுத்து என்று சுவர் பக்கம் திரும்பி அழுதேன். அழுதாலும் வாய் நனையவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊசி மருந்தின் தயவில் கன்னம் கொஞ்ச நாள் சும்மா இருந்தது. அதற்குள் அவர் ஊருக்கே தண்டோரா போட்டுவிட்டார். கடைக்கு வருகிறவர்களிடம்கூட, வீட்டில் வலி சுத்தமாகப் போய்விட்டது என்றாராம். ஊசி நின்றது. கஞ்சி குடிக்கும்போது ஸ்பூன் உதட்டில் பட, பழைய இழுப்பு பழைய இடத்திலேயே வந்தது. "புண்ணு ஆறுற வலி அது" என்றார் அவர். நாத்தனாரும் அதையே சொல்லிவிட்டு, அண்ணி குணமாகிவிட்டாள் என்று ஊருக்குக் கிளம்பிப் போனாள்.

வாய்த் தையலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா என்னைத்தான் கேட்டாள். "முக வலி எப்படிம்மா இருக்கு?"

"சுத்தமாப் போயிடுச்சு டாக்டர்" என்றார் இவர்.

"போகல" என்றேன் நான்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது போகும்னு நான் சொல்லவே இல்லையே. எனக்குக் கவலை பல்செட்டுதான். ஒண்ணு லேசா ஆடுது, ஆனாலும் ரெண்டையும் வச்சிக்கலாம்னு ஆபரேஷன் நடுவுல வெளிய வந்து சாரைக் கேட்டேன். சார்தான் எல்லாத்தையும் எடுத்துடுங்கன்னு சொன்னார்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் தரையைப் பார்த்தார்.

"மிச்சம் வச்சா திரும்ப வரும்னு நெனச்சேன். உனக்கு வலி போகணும்னுதானே."

அவர் கண் கலங்கியிருந்தது. பொய் இல்லை, எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார். அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் வலித்தாலும் பரவாயில்லை என்று வாய் கொள்ளும் மட்டும் திட்டித் தீர்த்திருப்பேன்.

வெளியே வராந்தாவில் காற்றடித்தது. அவர் எனக்கு மறைப்பாக நின்றுகொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "நெசமாவே போகலையா? கொஞ்சம்கூடவா?"

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் கன்னம் கூலி கேட்கும் என்பதால் ஒன்றே ஒன்றைச் சொன்னேன்.

"அந்த ரெண்டு பல்லும் ஒரு நாளும் வலிச்சதில்லீங்க."

அவர் என் தோளில் கை வைத்து, சமாதானமாகச் சொன்னார்.

"சரி விடு. இனிமேயும் வலிக்காது."