மூன்று ஆன்ட்டி வைரஸ்

ஜொசியானுக்கு அந்தக் கம்ப்யூட்டரைக் கண்டாலே அலுப்பு. பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்க் காபி போட்டு, புருஷன் மொரீஸுக்குப் புகட்டிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் அது இன்னும் முழித்திருக்காது. முழித்ததும் மூலையில் மூன்று பெட்டிகள் முளைக்கும். ஒன்று பிரெஞ்சில் எச்சரிக்கும், ஒன்று இங்கிலீஷில் மிரட்டும், மூன்றாவது வாயே திறக்காமல் சிவப்பாக மின்னும். மூன்றும் ஆன்ட்டி வைரஸ். ஒரு வீட்டுக்கு எதற்கு மூன்று என்றுதானே கேட்கிறீர்கள்? அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வருகிறேன்.

புதுச்சேரியில் இவளைப் போன்ற சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தார் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆகஸ்ட் வக்கான்ஸ் லீவுக்குப் பிரான்ஸிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், போன தடவை தாங்கள் கொடுத்த சாமான் புழக்கத்தில் இருக்கிறதா என்று கண்ணாலேயே துழாவுவார்கள். இல்லையென்றால் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், திரும்பிப் போய் ஊரெல்லாம் சொல்லுவார்கள். அதனால் யார் வருகிறார்களோ அவர்கள் கொடுத்த காபி மெஷினைப் பரணிலிருந்து இறக்கி, மற்றதை மேலே ஏற்றிவிடுவாள் ஜொசியான். கம்ப்யூட்டரில் இந்த ஏற்றி இறக்குகிற வித்தை அவளுக்குத் தெரியவில்லை. மகன் அலெக்சி துலூஸிலிருந்து வந்திருந்தபோது கார்டில் காசு கட்டிப் போட்டுக் கொடுத்தது ஒன்று. "மம்மா, இத யாரையும் தொட விடாத" என்று சொல்லிவிட்டுப் போனான். மறு வருஷம் மொரீஸின் தம்பி ஃப்ரெடெரிக் வந்து, "இதெல்லாம் ஒண்ணுத்துக்கும் உதவாது அண்ணி" என்று தன்னுடையதைப் போட்டார். இரண்டுமே சரியில்லை என்று பக்கத்துத் தெரு நெட் சென்டர் கண்ணையன் திருட்டு சிடியிலிருந்து ஒன்றைப் போட்டான். ஒருத்தர் ஆசையாகக் கொடுத்ததை எடுத்துப் போட்டால் முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடாதா? அவளுக்கு மனசு வரவில்லை.

தொலையட்டும் என்று விட்டிருப்பாள். மொரீஸுக்காகத்தான் விட முடியவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், முதலில் எந்த வார்த்தை பழகலாம் என்று கேட்டதற்கு, அவர் நல்ல கையால் ஜொசியானின் கைப்பையைத் தட்டி, அதற்குள் இருந்த மகன் போட்டோவை எடுக்கச் சொன்னார். மாசக்கணக்கில் வாயைக் கோணி, எச்சில் ஒழுக, பாவம், மகன் பேரைப் பிடித்துவிட்டார். இப்போது முழுசாக வருகிறது. நேரம்தான் ஆகும், கூட இருப்பவர்கள் பொறுமையாக இருக்க வேண்டும்.

அதை மகன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. போனில் பேசினால் வெறும் மூச்சு வாங்குவதுதான் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வெப்கேமில் அலெக்சி வருவான். "என் ஆன்ட்டி வைரஸ் பச்சையா இருக்கா மம்மா?" அதுதான் எப்போதும் முதல் கேள்வி. சிவப்புடா என்பாள். எதைத் தட்ட வேண்டும் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் நின்றுவிடும், குரல் மட்டும் வரும். "வைரஸ்தான் மம்மா. அடுத்த வாரம் பாக்கலாம்." மொரீஸ் திறந்த வாயோடு அப்படியே உட்கார்ந்திருப்பார். வாயைத் துடைத்து, தாங்கிப் பிடித்து, கட்டிலுக்குக் கூட்டிப்போவாள். அவளுக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

கடைசியில் முல்லா வீதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தல்ஹாவை ஒரு சனிக்கிழமை வரவழைத்தாள். அது முழித்துக்கொள்வதற்குள் அவர் இரண்டு தடவை கொட்டாவி விட்டுவிட்டார்.

"ஒரே வீட்டுல மூணு மாமியார் இருந்தா மருமக சோறாக்க முடியுமா மதாம்? ஒருத்தி தொறந்து பாத்த சட்டிய மத்த ரெண்டு பேரும் தொறந்து தொறந்து பாக்குறாங்க. அதான் இது நகர மாட்டேங்குது. ஒண்ணே ஒண்ண வச்சிக்கிங்க."

"எத வச்சிக்கிறது தம்பி?"

"கண்ணையன் போட்டது சும்மா பொம்ம. தெனமும் புதுசு புதுசா வைரஸ் வருது, இதுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த சிடியிலேருந்தே வைரஸ் வந்திருந்தாலும் வந்திருக்கும். உங்க கொழுந்தனார் போட்டது ஒரு மாசத்துக்கு ஓசி. அது என்னிக்கோ முடிஞ்சுபோச்சு, இப்ப காசு கேட்டு நச்சரிக்கிறதோட சரி. உங்க பையன் போட்டது நல்ல சரக்கு. மத்த ரெண்டும் அத வேல செய்ய விடல."

ஃப்ரெடெரிக் ஆகஸ்டில் வருவார். வந்ததும் காபியைக்கூடக் குடிக்காமல் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்காருவார். ஜொசியான் திரும்பி மொரீஸைப் பார்த்தாள். அவர் தல்ஹாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டையும் எடுத்துரு. கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றாள்.

தல்ஹா ஒன்றை எடுத்தார், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார், இன்னொன்றை எடுத்தார், மறுபடி அணைத்துப் போட்டார். அலெக்சியுடையதை இன்டர்நெட்டில் புதுப்பித்து, முழுக்கச் சோதிக்கவிட்டார். சாயந்திரம் வரை அது வைரஸாகப் பிடித்துத் தள்ளியது. "இனிமே யாரு வந்து புதுசா போடறேன்னாலும் கையத் தட்டி விடுங்க மதாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூலையில் பச்சை விளக்கு எரிந்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

மறுநாள் மொரீஸுக்கு முகம் மழித்து, நீலச் சட்டை போட்டு உட்கார வைத்தாள். அலெக்சி வந்தான். படமா அது, எதிர்வீட்டு ஜன்னலில் நிற்கிற மாதிரி இருந்தது. கன்னத்தில் இரண்டு நாள் தாடி, பின்னால் நாற்காலியில் தொங்கும் ஜாக்கெட், எல்லாம் தெரிந்தது.

"பச்சையா மம்மா?"

"பச்சைடா."

"நல்லது. பப்பாவுக்குப் புதுச் சட்டையா? நீலம் நல்லாருக்கு."

"பப்பா உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். கொஞ்சம் பொறுத்துக் கேளு."

மொரீஸ் ஆரம்பித்தார். "அ..." கழுத்து நரம்பு புடைத்தது. அலெக்சி பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவன் பார்வை கீழே போனது, கையில் செல்போன். "லெ..." என்றார் மொரீஸ். அலெக்சி பக்கத்தில் யாரையோ பார்த்து, இதோ வந்துவிட்டேன் என்று ஒரு விரலைக் காட்டினான். அப்புறம் இவர்கள் பக்கம் திரும்பினான்.

"மம்மா, படம் நின்னுபோச்சு. நீங்க அசையவே மாட்டேங்கிறீங்க. வைரஸ்தான். அடுத்த வாரம் பாக்கலாம்."

சொல்லிக்கொண்டே எட்டி ஜாக்கெட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தான்.

அந்தக் கை ஜாக்கெட்டுக்குள் போவதை ஜொசியான் பார்த்தாள். இத்தனை நாளும் இங்கே படம் நின்று நின்று வந்தது நிஜம். அங்கே அவனுக்கு ஒரு வாரமாவது நின்றிருக்குமா? நல்லாத் தெரியுதுடா, நீ ஜாக்கெட் மாட்டறதுகூடத் தெரியுது என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொன்னால் அவன் தலை குனிவான். அப்புறம் அடுத்த வாரம் வருவானோ மாட்டானோ.

"ஆமாண்டா, இங்கயும் நின்னுபோச்சு. போய்ட்டு வா" என்றாள்.

திரை கறுத்தது.

"...க்சி" என்று முடித்தார் மொரீஸ். இத்தனை மாசத்தில் இவ்வளவு சுத்தமாக அவர் சொன்னதே இல்லை.

துண்டை எடுத்து அவர் வாயோரத்தைத் துடைத்தாள். "அந்த தல்ஹா சரியா பாக்கல போலங்க. இன்னும் வைரஸ் இருக்குது. நாளைக்கு அவர வரச்சொல்லி..."

மொரீஸ் நல்ல கையைத் தூக்கி அவள் வாயைப் பொத்தினார்.