முஜுனியின் எதிர்ப்பேச்சு

ஊரில் யாருமே தன்னை எதிர்த்துப் பேசுவதில்லை என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் போதகர் கபியெமேராவுக்கு உறைத்தது. பிரசங்க பீடத்தில் நின்ற காலத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. அங்கே ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பதுதான் வழக்கம். இப்போது பீடத்தில் வேறொரு இளம் போதகர் நிற்கிறார். வழக்கம் மட்டும் இவரை விடாமல் வீதி வரை பின்தொடர்ந்து வந்தது.

ஏரிக்கரையில் கெமொண்டோ படகுத்துறைக்கு இறங்கும் சாலையில் ஒரு வாழைக்கள் கடை இருந்தது. சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் காப்பிக்கொட்டை விலை, அடுத்த தேர்தல், எங்கோ நடக்கும் யுத்தம் என்று ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருப்பது தூரத்திலேயே கேட்கும். இவருக்குக் கால் தானாக வேகமெடுக்கும். கிட்டே போனதும் கள்ளுச் சுரைக்குடுக்கைகள் எல்லாம் பெஞ்சுக்கடியில் போய்விடும்.

"ஷிகமோ, வணக்கம் போதகரய்யா! உட்காருங்க, உட்காருங்க."

"என்னமோ பேசிட்டு இருந்தீங்களே. பேசுங்கப்பா."

"ஒண்ணுமில்லய்யா. மழையைப் பத்தித்தான்."

"மழை எங்க பெய்யுது?"

"அதான்யா, பெய்யலையேன்னு. வந்ததுதான் வந்தீங்க, ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

ஜெபம் பண்ணுவார். வளைவு திரும்புகிறபோது பின்னால் சிரிப்பும் சத்தமும் மறுபடி கிளம்பும்.

மனைவி அடெலினா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு மகன் முவான்ஸாவில், மகள் தார் எஸ் சலாமில். போனில் கூப்பிட்டால் "அப்பா, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பார்கள். அந்தத் தேர்தலைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று இவர் கேட்டால், "உங்களுக்கு எதுக்குப்பா அதெல்லாம்" என்று வைத்துவிடுவார்கள்.

அப்படிப்பட்டவருக்குக் கிடைத்தவன்தான் முஜுனி. சின்ன வயதில் ஒரே பள்ளியில் படித்தவன். வாலிபம் முழுக்க ஏரிக் கப்பலின் இஞ்சின் அறையில் கழித்துவிட்டு, இப்போது கரையில் தகரக் கொட்டகை போட்டு மீன்படகு மோட்டார்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். தன் கல்யாணத்துக்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்காதவன். போதகர் மத்தியானச் செய்தி கேட்டுவிட்டு ரேடியோவும் கையுமாக அங்கே போவார். கொட்டகைக்கு வெளியே மணலில் பொடிமீன் காய்ந்துகொண்டிருக்கும். உள்ளே இருந்து முஜுனி தலை நிமிராமலே ஆரம்பிப்பான்.

"வாரும்யா போதகரே. உம்ம பரலோக முதலாளி இன்னைக்கு எங்கே தூங்கிட்டாராம்?"

அன்றைக்குச் செய்தியில், வேறு கண்டத்துக்குப் பிழைக்கப் போன வாலிபர்களோடு ஒரு படகு கடலில் மூழ்கியிருந்தது.

"பாவம்டா. அவங்களுக்காக ஜெபிக்கணும்."

"ஜெபிக்கிறது இருக்கட்டும். அந்தப் படகு எவ்வளவு தாங்கும், எத்தனை பேரை ஏத்தினான், மோட்டாரு எப்ப கழற்றிப் பார்த்தது? அதைக் கேட்டீரா? உமக்கு எதுக்கெடுத்தாலும் கடவுள் வேணும். குற்றவாளி கையைக் கழுவிட்டுப் போயிடுறான்."

"குற்றவாளியை யாருடா விட்டது? அவனை விடக்கூடாதுன்னுதான் வேதமே சொல்லுது."

"வேதம் சொல்லும். உம்ம சபை எந்த அநியாயக்கார முதலாளியைக் காணிக்கை போடாதேன்னு திருப்பி அனுப்பிச்சுது? ஒரு பேரு சொல்லும்!"

போதகர் ரேடியோவை எடுத்துக்கொண்டார். முகம் சிவந்து எழுந்து வந்துவிட்டார். வீட்டில் வாழைக்காயும் அவரைக்கொட்டையும் அடுப்பில் தீய்ந்ததுகூடத் தெரியாமல் பழைய புத்தகங்களைப் புரட்டினார். மறுநாள் சொல்வதற்கு மூன்று பதில் தயாராக இருந்தது. பீடத்தில் நின்ற காலத்தில் எந்தப் பிரசங்கத்துக்கும் அவர் அப்படி உழைத்ததில்லை. படுக்கும்போது சந்தோஷமாக இருந்தது.

பெருமழைக் காலம் தொடங்கியபோது முஜுனி ஏரியில் அகப்பட்டுக்கொண்டான். பழுது பார்த்த மோட்டாரைச் சோதிக்கத் தனியாகப் போனவன். நடுவில் அது நின்றுவிட்டது, காற்றும் கிளம்பிவிட்டது. கரையில் அவன் மகள் கோக்கு மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். விடிந்த பிறகு படகு மோட்டார் இரைய வந்து கரையேறியது.

சேதி கேட்டுப் போதகர் ஓடினார். முஜுனி கம்பளியைப் போர்த்துக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தான்.

"பெட்ரோல்ல தண்ணி. பிளக்கு செத்துப்போச்சு. கயிறை இழுத்து இழுத்துக் கை உரிஞ்சு போச்சுய்யா. இனி முடியாதுன்னு படகுல மண்டி போட்டுக் கதறினேன். ஆண்டவரேன்னேன். அப்புறம் ஒரே இழுப்பு. கிளம்பிருச்சு."

"தண்ணி அடியில தங்கியிருக்கும். அலையில படகு சாஞ்சப்போ தண்ணி ஒதுங்கி மேல இருந்த பெட்ரோல் ஏறியிருக்கும். இப்படியெல்லாம் நீதானே எனக்குச் சொல்லுவே?"

சொல்லிவிட்டுப் போதகரே திடுக்கிட்டார். முஜுனி அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"இஞ்சினைப் பத்தி எனக்குத் தெரியும். அது கிளம்பியிருக்கக் கூடாது."

கோக்கு ஒரு புதிய எழுப்புதல் ஜெபக் கூடாரத்தில் சேர்ந்தவள். ஒலிபெருக்கி வைத்து ஊரையே அதிர வைக்கும் கூடாரம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முஜுனி அவளோடு அங்கே போனான். அதற்கடுத்த வாரம் ஏரியில் ஞானஸ்நானம். கரையில் நின்று பார்த்த ஊர்க்காரர்கள் போதகரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "எத்தனை வருஷமா அவன்கிட்ட போய்ப் போய்ப் பேசினீங்க! உங்க பிரயாசம் வீண் போகலய்யா." போதகர் தலையை ஆட்டினார். பரலோகமே மகிழ வேண்டிய நேரம், தன் நெஞ்சு மட்டும் ஏன் இப்படி வெறுமையாகக் கிடக்கிறது என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

சில நாள் பொறுத்து ரேடியோவை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். முஜுனி வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். இவரைக் கண்டதும் எழுந்து நின்று, கையைத் துடைத்துக்கொண்டு தலை குனிந்தான்.

"வாங்கய்யா. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நீங்க இப்படி உட்காருங்க."

'நீரு' போய் 'நீங்க' வந்திருந்தது. போதகர் அதைக் கவனித்தார். இருந்தாலும் விடாமல் சொன்னார்: "யுத்தம் இன்னும் முடியலையாம். டீசல் விலை மறுபடி ஏறுதாம்."

"கடைசி காலம்யா. எல்லாம் எழுதியிருக்கிறபடி நடக்குது."

"யுத்தத்துக்கு ஆயுதம் விக்கிறானுங்களே, அவனுங்களை விட்டுடலாமா?"

"ஆமென், ஐயா. எல்லாம் அவர் சித்தம்."

மறுநாளும் அதுவேதான், அதற்கடுத்த நாளும். எதைச் சொன்னாலும் ஆமென். ஒருநாள் போதகருக்குத் தாங்கவில்லை. கொட்டகையில் மீனவர்கள் நாலைந்து பேர் மோட்டாருக்காகக் காத்திருந்தார்கள். மீண்டும் ஒரு படகு மூழ்கியிருந்தது. ரேடியோவை அணைத்துவிட்டு முஜுனியின் முகத்துக்கு நேரே கேட்டார்:

"குழந்தைங்கடா. அத்தனையும் கைக்குழந்தைங்க. அந்த நேரத்துல உன் ஆண்டவர் எங்கே தூங்கினாராம்? உனக்கு மட்டும் மோட்டாரைக் கிளப்பி விட்டாரே, அதுங்களுக்கு ஏன் கிளப்பல? சொல்லுடா!"

மீனவர்கள் திகைத்துப் போனார்கள். முஜுனி பதில் சொல்ல வாயெடுத்தான். அந்தக் கண்ணில் பழைய முஜுனி ஒரு கணம் எட்டிப்பார்த்ததைப் போதகர் பார்த்தார். சொல்லுடா, சொல்லு என்று உள்ளுக்குள் கெஞ்சினார். ஆனால் அந்தக் கண்கள் கலங்கிவிட்டன.

"ஐயா, உங்க விசுவாசம் களைச்சுப் போச்சு. தனியா இருந்து இருந்து இப்படி ஆயிருச்சு. குனிஞ்சுக்கங்க."

இவர் வேண்டாம் என்பதற்குள் எண்ணெய்க் கறை படிந்த அந்தக் கனத்த கை தலைமேல் வந்து உட்கார்ந்தது. முஜுனி உரத்த குரலில் ஜெபிக்கத் தொடங்கினான். எத்தனையோ தலைகளின்மேல் கை வைத்த போதகர் அவர். தன் தலையில் ஒரு கை பட்டு எவ்வளவு காலம் ஆயிற்று? அடெலினா இருந்தபோது காய்ச்சலுக்குத் தொட்டுப் பார்த்ததுதான் கடைசி. கை சூடாக இருந்தது. டீசல் வாடை அடித்தது. ஜெபத்தின் ஒரு வார்த்தையும் அவர் காதில் ஏறவில்லை. ஆனாலும் அது சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்றிருந்தது. முடிந்ததும் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். இவரும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் கொட்டகைப் பக்கம் அடிக்கடி போகவில்லை. போனாலும் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

சாயங்காலங்களில் வீட்டுக்குள்ளேயே செய்தி கேட்கத் தொடங்கினார். ஒரு நாள் அரிசி இறக்குமதியைப் பற்றி ஏதோ சொன்னார்கள். போதகர் தன் அபிப்பிராயத்தை வாய்விட்டுச் சொன்னார். பிறகு, "போம்யா போதகரே, உமக்கு என்ன தெரியும் அரிசியைப் பத்தி?" என்று முஜுனியைப் போலத் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு தானே கேட்டார். அதற்குப் பதில் சொன்னார். அந்தப் பதிலை மடக்கினார். எழுந்து நடந்து, மேசையைத் தட்டி, "ஒரு பேரு சொல்லும்!" என்று கத்தினார்.

வேலிக்கு அந்தப் புறம் பக்கத்து வீட்டுக் கெமிலெம்பே துவைத்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"போதகரய்யா! வீட்டுக்கு யாரு வந்திருக்காங்க? இன்னும் கொஞ்சம் வாழைக்காய் அவிச்சுத் தரட்டுமா?"

அவர் மேசையிலிருந்து கையை எடுத்தார்.

"யாரும் இல்லம்மா. செய்தி கேட்டுட்டு இருக்கேன்."

"அப்படியா. சத்தம் கேட்டுச்சேன்னு பார்த்தேன்."

அவள் போவது கேட்டது. போதகர் நாற்காலியில் உட்கார்ந்தார். அரிசி விஷயத்தில் அந்தக் கரகரத்த முஜுனி சொன்னதுதான் சரியென்று பட்டது. இன்னும் ஒரு பதில் இருக்கிறதா என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.