முழுப் பேர்

கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் ஞானம்மா, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனால் நோன்பு மாசம் முழுக்க அவளுக்கும் சாயங்காலம் கஞ்சி உண்டு. வெல்டர் அப்துல் வஹாப் பள்ளிவாசலில் வாங்கி வரும் தூக்கில் பாதி அவளுக்குத்தான். எதையும் கேட்டு வாங்குகிற ஜாதியில்லை அவள்.

"கேக்காமயே குட்த்துக்கினு கீறியே, வஹாப்பு" என்றாள்.

அவன் பதறிப்போனான். "அப்துலை வெட்டிட்டுக் கூப்பிடாதக்கா. கேக்காமயே அள்ளிக் குடுக்கிற அல்லாவோட பேருதான் வஹாப். அப்துல்னா அவனோட வேலையாள். நான் வெறும் வேலையாளுக்கா."

பத்து வருஷமாக வேலையாளை முதலாளி பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். ஞானம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் தூக்கைப் பார்த்ததும் டம்ளரை நீட்டினாள்.

"இன்னா அப்துல் வஹாப்பு, உன் மொதலாளி இன்னிக்கும் என்னை மறக்கல போல."